அடைத்தால் போதாதா?

பெரும்பாறையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கூடக் கடைக்கு வந்தால் டீதான் சொல்கிறார். எதைக் குடித்தாலும் உள்ளே போவது காஃபின்தானே அண்ணே, இயக்க நரம்பு நோய்க்கு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் கேட்டதை அதிலிருந்தே பார்க்கலாம். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் சேர்கிறது. நரம்பு செல்லின் மேல் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. அதில் அடினோசின் வந்து பொருந்தினால் அசதி தெரியும். காஃபின் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆனால் செல்லுக்கு ஒரு சேதியும் சொல்லாது. அசதி எங்கும் போகவில்லை, தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஏராளமான மருந்துகள் வேலை செய்வது இப்படித்தான்.

இயக்க நரம்பு நோயில் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் செல்கள் சாகின்றன. சந்தேகம் விழுந்தவற்றில் ஒன்று குளூட்டமேட் ஏற்பிகள். செல்லிலிருந்து செல்லுக்குச் சேதி கொண்டுபோகும் குளூட்டமேட் இல்லாமல் விரல்கூட அசையாது. அதுவே அளவு மீறித் தூண்டினால் கால்சியம் உள்ளே பாய்ந்து செல்லைக் கொல்லும். கேசரிப் பருப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட இந்தியாவில் பஞ்ச காலத்தில் மாதக்கணக்காக அதையே தின்றவர்களுக்குக் கால் விறைத்து நடை போனது. அதிலுள்ள நஞ்சைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் பிரித்தெடுத்து 1964இல் எழுதினார்கள். குளூட்டமேட்டின் சாயலில் வந்து அதன் ஏற்பியிலேயே உட்காரும் பொருள் அது.

அப்படியானால் ஏற்பியை அடைத்தால் போதாதா? டாலம்பனெல், பெராம்பனெல் என்று அடைத்துப் பார்த்தார்கள்; நோய் நிற்கவில்லை. நினைவு, பேச்சு, மூச்சு எல்லாம் அதே ஏற்பிகளை நம்பியிருப்பதால் மருந்தின் அளவை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் வேறு வழியில் போகிறது, குளூட்டமேட் வெளிவருவதையே குறைக்கிறது. சோதனைகளில் ஆயுள் கூடியது இரண்டு மூன்று மாதம். கொஞ்சம்தான், வீட்டுக்காரர்களுக்கு அது கொஞ்சமில்லை.

ஏற்பியே நேரடிக் குற்றவாளியாக இருக்கும் வகையும் உண்டு, கென்னடி நோய். ஆண் ஹார்மோனை வாங்கும் ஏற்பி மரபணுப் பிழையால் கோணிப்போவதை 1991இல் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் வந்து ஒட்டினால்தான் அந்த ஏற்பி கேடு செய்யும். ஆகவே ஹார்மோனையே வற்றவைக்கும் லியூப்ரோரெலின் என்ற பழைய புற்றுநோய் ஊசிக்கு ஜப்பான் 2017இல் இந்த நோய்க்கும் அனுமதி தந்தது.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு வகை இருக்கிறது, மெட்ராஸ் இயக்க நரம்பு நோய். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி 1970இல் விவரித்தது. இளவயதில் கைகால் மெலியும், காது மந்தமாகும், ஆனால் மெதுவாகவே நகரும். இதன் காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. கிட்டத்தட்ட இதே முகத்தோடு வரும் இன்னொரு நோயில் பிழை ஏற்பியில் இல்லை, வைட்டமின் பி2வைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் புரதத்தில். அதற்கு மருந்து அதே வைட்டமின்தான், மிக அதிக அளவில், பலருக்குக் கேட்கிறது. அதனால் சின்ன வயசுப் பிள்ளைக்குக் கை மெலிவும் காது மந்தமும் சேர்ந்து வந்தால், மரபணுச் சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் பி2வைத் தொடங்கலாமா என்று நரம்பு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள் அண்ணே.