எழுந்துகொண்டிருக்கும் தலைநகரம்

கடலோர நகரங்கள் பலவும் கடல் ஏறிவருவதைக் கண்டு கலங்கிக்கொண்டிருக்கின்றன. ஸ்வீடனின் தலைநகரம் ஸ்டாக்ஹோமின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் கடல்தான் பின்வாங்கியது. ஆழமாக இருந்த துறைகள் மேடாயின, நீருக்கடியில் கிடந்த பாறைகள் தலைதூக்கித் தீவுகளாயின, கடலின் கிளையொன்று துண்டிக்கப்பட்டு நன்னீர் ஏரியாகவே மாறிவிட்டது. அந்த ஏரி கடலில் கலக்கும் வாசலில், 14 தீவுகளின் மேல் இன்றைய ஸ்டாக்ஹோம் நிற்கிறது. மேற்கே மேலாரன் ஏரி, கிழக்கே பால்டிக் கடல். நகரைத் தாண்டிக் கடலுக்குள் போனால் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 30,000 தீவுகள், திட்டுகள், பாறைகள்.

இதற்கெல்லாம் காரணம் பனி. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவை மூடியிருந்த பனிப்பாளம், அதிகத் தடிமனான இடங்களில் சுமார் 3 கிலோமீட்டர் இருந்தது. அவ்வளவு பாரத்தையும் தாங்கிய பூமியின் மேலோடு பல நூறு மீட்டர் கீழே அமுங்கியது. அதன் அடியிலிருந்த வெப்பப் பாறை மிக மெதுவாகப் பக்கவாட்டில் ஒதுங்கியது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பகுதியில் பனி உருகிவிட்டது. பாரம் போனதும், ஆள் எழுந்த பின் இலவம்பஞ்சு மெத்தை மெல்ல உப்புவது போல நிலமும் எழத் தொடங்கியது. ஒதுங்கிப்போன பாறை திரும்பிவர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் அந்த எழுச்சி இன்னும் ஓயவில்லை. ஸ்டாக்ஹோமில் நிலம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயர்கிறது. பனி மிகத் தடிமனாக இருந்த வடக்குக் கடற்கரையில் இது கிட்டத்தட்ட இரு மடங்கு.

கரையோர மக்களுக்கு இந்த மாற்றம் எப்போதோ தெரியும், காரணம்தான் பிடிபடவில்லை. வெப்ப அளவுக்குத் தன் பெயரைத் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸ், 1731இல் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே யெவ்லே அருகில் லோவ்குருண்ட் என்ற தீவின் பாறையொன்றில் நீர்மட்டத்தைச் செதுக்கிவைத்தார். கடல் நூறாண்டில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது என்பது அவர் போட்ட கணக்கு. கடலில் தண்ணீர்தான் குறைகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் உயர்வது நிலம் என்பது பின்னாளில் தெளிவானது. ஸ்காட்லாந்துப் புவியியலாளர் தாமஸ் ஜேமிசன், பனியின் பாரமே நிலத்தை அமுக்கியது என்ற விளக்கத்தை 1865இல் முன்வைத்தார்.

பனி பின்வாங்கிய கணக்கும் இந்த ஊர் மண்ணிலேயே எழுதப்பட்டிருந்தது. உருகிய நீர் கொண்டுவந்த வண்டல், கோடையில் வெளிர் நிறமாகவும் குளிர்காலத்தில் கருமையாகவும் படிந்தது. ஒரு வெளிர் படலமும் ஒரு கரும் படலமும் சேர்ந்தால் ஓராண்டு. ஸ்டாக்ஹோம் பகுதியின் களிமண் குழிகளில் இந்தப் படலங்களை ஒவ்வொன்றாக எண்ணி, பனி எந்த ஆண்டில் எங்கே நின்றது என்று சொல்லும் முறையை உருவாக்கியவர் யெரார்ட் தெ யேர். கதிரியக்கக் கார்பன் முறை வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் இதைச் சாதித்தார்.

நிலம் எழுந்ததில்தான் நகரத்தின் பிறப்பும் இருக்கிறது. வைக்கிங் காலத்தில் மேலாரன் ஏரியே கிடையாது. அது பால்டிக் கடலின் நீண்ட விரிகுடா. அதன் உள்ளே பியோர்க்கோ தீவிலிருந்த பிர்கா என்ற வணிகத் துறைக்குக் கப்பல்கள் நேரே போய்வந்தன. நிலம் எழ எழ விரிகுடாவின் வாய் குறுகியது, நீரோட்டம் வேகம் பிடித்தது, கப்பல்கள் வாசலிலேயே நிற்கவேண்டி வந்தது. சரக்கு கைமாறும் அந்த வாசலைக் கையில் வைத்திருப்பவருக்கே உள்நாட்டின் வணிகம் முழுவதும். ஆட்சிப் பொறுப்பிலிருந்த பிரபு பிர்யர் யார்ல் காலத்தில், 1252இல் ஸ்டாக்ஹோம் என்ற பெயர் முதன்முதலில் ஆவணத்தில் தென்படுகிறது.

இன்று ஏரியின் மட்டம் கடலைவிடச் சுமார் 70 சென்டிமீட்டர் உயரம். ஸ்லுஸ்ஸன் என்ற இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு இருக்கிறது. முதல் மதகு கட்டப்பட்டது 1642இல். ஸ்டாக்ஹோமில் 1774 முதல் கடல்மட்டத்தைக் குறித்துவருகிறார்கள். உலகின் மிக நீண்ட கடல்மட்டப் பதிவுகளில் இது ஒன்று. இந்த மதகு வேடிக்கை பார்க்க மட்டுமல்ல. ஏறக்குறைய 20 லட்சம் பேர் மேலாரன் நீரைத்தான் குடிக்கிறார்கள். அதில் உப்பு நீர் ஏறாமல் காப்பதும் இதன் வேலை.

காம்லா ஸ்டான் என்னும் பழைய நகரத் தீவில் நடந்தாலே இந்த வரலாறு காலுக்கடியில் தெரியும். ஓஸ்டர்லோங்காதன் தெரு ஒருகாலத்தில் கரையோரப் பாதை. இப்போது அதற்கும் தண்ணீருக்கும் நடுவே கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நிலம் உயர்ந்தது, மனிதர்களும் மண் கொட்டிக் கரையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓர் ஓரத்தில் மோர்ட்டன் த்ரோட்சிக் சந்து இருக்கிறது. அதன் மிகக் குறுகிய இடம் 90 சென்டிமீட்டர். படிகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும்.

நகரின் ஊடே வடக்கு தெற்காக ஒரு மணல் மேடு ஓடுகிறது. பனிப்பாளத்தின் அடியில் ஓடிய ஆறு கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையும் அது. 1880களில் அதைக் குடைந்து நடைபாதைச் சுரங்கம் போட்டபோது சரளை சரிந்துகொண்டே வந்தது. பொறியாளர் க்னூட் லிண்ட்மார்க், குளிரூட்டும் இயந்திரத்தால் மண்ணை உறையவைத்துத் தோண்டினார். 1886இல் திறந்த அந்தச் சுரங்கத்தில் இன்றும் நடந்து போகலாம். சுரங்க ரயில் ஓடுவதோ சுமார் 190 கோடி ஆண்டு பழைய பாறைக்குள். நூறு நிலையங்களில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றில் கலைப்படைப்புகள் உண்டு. மைய நிலையத்தின் நீலக் குகையில், அதைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களையே பாறைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் விஞ்சும் ஒன்று யூர்கோர்டன் தீவில் இருக்கிறது: வாசா என்ற போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று, 64 பீரங்கிகளோடு தன் முதல் பயணத்தைத் தொடங்கி, சுமார் 1,300 மீட்டர் போனதும் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. மேற்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை. ஒரு காற்றில் சாய்ந்தபோது திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்தது.

கடலில் மூழ்கிய மரக்கப்பல் சில பத்தாண்டுகளில் உளுத்துப்போவதுதான் வழக்கம். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு அதைச் சல்லடையாக்கிவிடும். ஆனால் அந்தப் புழுவுக்கு உப்பு வேண்டும். பெருங்கடலில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஸ்டாக்ஹோம் அருகே 5, 6 கிராம்தான். டென்மார்க் பக்கத்துக் குறுகிய நீரிணைகள் வழியேதான் பெருங்கடல் நீர் உள்ளே வரவேண்டும்; ஆறுகளோ ஓயாமல் நன்னீரைக் கொட்டுகின்றன. இதை வைத்தே, வாசா அழியாமல் இருக்கும் என்று ஆண்டர்ஸ் ஃபிரான்ஸேன் என்பவர் நம்பித் தேடினார். மாதிரி எடுக்கும் கருவியொன்றைக் கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்கியபடி அலைந்தார். 1956இல் அந்தக் கருவி கருத்துப்போன ஓக் மரத்துண்டைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது. 333 ஆண்டுகள் நீரில் கிடந்த கப்பல் 1961இல் வெளியே எடுக்கப்பட்டது.

அப்படியே காயவிட்டால் மரம் சுருங்கி வெடித்திருக்கும். மரத்துக்குள் இருந்த நீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் ஏறவேண்டும் என்பதற்காக, அதன் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் நிற்கும் கப்பலில் 98 சதவீதத்துக்கு மேல் அசல் மரம். அழுக்கான துறைமுக நீரில் ஊறியபோது மரத்தில் ஏறிய கந்தகம் இப்போது அமிலமாக மாறுவதால், அதைக் காக்கும் வேலை இன்னும் தொடர்கிறது.

நிலத்தின் எழுச்சி மட்டும் இனி இந்த ஊரைக் காப்பாற்றிவிடாது. உலகக் கடல்மட்டம் உயரும் வேகம் இந்த நிலம் உயரும் வேகத்தை நெருங்கிவிட்டது. இதுவரை கிடைத்துவந்த சலுகை கரைந்துகொண்டிருக்கிறது. ஸ்லுஸ்ஸனைப் புதிதாகக் கட்டும் திட்டத்தில், ஏரி வெள்ளத்தை முன்னைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேற்றும் வசதி சேர்க்கப்பட்டதும் இந்த எச்சரிக்கையால்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். ஜூனில் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பரில் ஆறு மணி நேரம்தான். ஆனால் நோபல் பரிசு விழா டிசம்பர் 10 அன்றுதான். 1930இல் சர் சி.வி. ராமன் பரிசு வாங்கியதும் இதே ஊரில், இதே குளிரில். விருந்து நடக்கும் செங்கல் மாளிகையான நகர மன்றத்தை மற்ற நாட்களில் சுற்றிப்பார்க்கலாம். வாசாவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கோடையில் போனால் பிர்காவுக்குப் படகு உண்டு. ஒரு முழு நாள் ஆனாலும் அந்தப் பயணத்தை விட்டுவிடாதீர்கள். ஸ்டாக்ஹோம் ஏன் அந்த இடத்தில் முளைத்தது என்பதை எந்த அருங்காட்சியகத்தையும்விட அந்த நீர்வழியே தெளிவாகச் சொல்லும்.