லாக் போட்டிருக்கிறது என்பதால் ஆபத்து இல்லையா?

கல்வராயன் மலையில் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர் அல்ல, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான். உரிமம் இல்லாத துப்பாக்கிகள் பிடிபட்டன, வைத்திருப்பவர்கள் தாங்களாகவே ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீசார் எச்சரித்தார்கள் என்ற செய்தி இதுபோன்ற மலைப்பகுதிகளிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் போன்ற ஊர்களில் நிலைமை வேறு. அங்கே துப்பாக்கி வேண்டும் என்று நினைப்பவர் வியாபாரி, பணம் கொண்டுபோகிறவர், பெரிய தோட்டக்காரர். அவர் கேட்பது உரிமத்தோடு ஒரு .32 ரிவால்வர். இரண்டு துப்பாக்கிக்கும் நூறு வருட இடைவெளி இருக்கலாம், ஆனால் வைத்திருப்பவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: “லாக்குல தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது.” அந்தச் சமாதானம் எவ்வளவு தாங்கும் என்பதே இங்கே கேள்வி. என் பதில்: துப்பாக்கிக்குள்ளேயே இருக்கும் எந்தப் பூட்டையும் நம்பி அதில் குண்டு போட்டு வைக்கக் கூடாது.

2024 அக்டோபர் 1 அதிகாலை மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தது. சுட்டது வேறு யாருமல்ல, உரிமம் பெற்ற அவருடைய ரிவால்வர்தான். பயணத்துக்குக் கிளம்பும் முன் அதை எடுத்து வைக்கும்போது கை தவறி விழுந்து வெடித்தது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. பூட்டில் கோளாறா, பூட்டவே இல்லையா என்று அப்போது பலவிதமாகப் பேசப்பட்டது. இரண்டில் எது உண்மையானாலும், உள்ளே குண்டு இல்லாதிருந்தால் அது தரையில் விழுந்த ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.

ரிவால்வரில் ‘லாக்’ என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் பல சாதனங்களை. குண்டின் அடியில் அறையும் பகுதிக்குத் துப்பாக்கியின் குதிரை என்று பெயர். பழைய ரிவால்வர்களில், குதிரைக்கு நேராகக் குண்டு இருக்கும்போது கீழே விழுந்து குதிரையில் அடி பட்டாலே வெடித்துவிடும். அதனால்தான் ஆறு அறை உள்ள ரிவால்வரில் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரைக்கு எதிரே உள்ள அறையைக் காலியாக விடும் வழக்கம் அமெரிக்காவில் ஊன்றியது. இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். இத்தனைக்கும் அந்த வகையில் குதிரை குண்டைத் தொடாதபடி தடுக்கும் ஒரு தடுப்புப் பட்டை ஏற்கெனவே இருந்தது. அது போதவில்லை என்று கண்டு, விசையை இழுத்தால் ஒழியக் குதிரை குண்டைத் தொடாதபடி புதிய பட்டையை அந்நிறுவனம் 1944 வாக்கில் அமைத்தது. ரூகர் நிறுவனமும் 1973-ல் தன் ரிவால்வரின் உள்ளமைப்பை மாற்றியது. பின்னர், பழையவற்றை வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே மாற்றித் தர முன்வந்தது. பிற்காலத்தில் சாவி போட்டுத் திருகும் உட்பூட்டும் வந்தது. லேசான உடலும் பலத்த உதைப்பும் கொண்ட சில வகைகளில் சுடும்போதே அந்தப் பூட்டு தானாக விழுந்துகொள்கிறது என்று புகார்கள் எழுந்தன. தற்காப்புக்கு என்று வாங்கியவருக்கு அதுவும் ஆபத்துதான்.

புது ரிவால்வர் பழையதைவிடப் பாதுகாப்பானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தடுப்புப் பட்டைகளில் ஒரு சங்கடம் உண்டு. அது பழுதானால் நமக்குத் தெரிவதில்லை. வண்டியில் பிரேக் தேய்ந்தால் மிதிக்கும்போதே காலுக்குத் தெரிந்துவிடும். துப்பாக்கிக்குள் பட்டை தேய்ந்தோ துருவேறியோ உடைந்தோ போனாலும், விசையை இழுத்தால் அது வழக்கம்போலச் சுடும். கை தவறி விழும் நாளில்தான் பழுது வெளிப்படும். சரி, ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாமே என்றால் அதிலும் எச்சரிக்கை வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் தேவை. உரிமம் இல்லாமல் அந்த வேலையைச் செய்பவருக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை.

மலைக்கு வருவோம். நாட்டுத் துப்பாக்கியில் தடுப்புப் பட்டை என்று ஒன்று கிடையாது. குழாயின் வாயில் கருமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் இடித்து, மேலே ஈயக் குண்டையோ பால்ரஸ் குண்டையோ போட்டு மறுபடியும் இடிப்பார்கள். பின்பக்கம் சிறு முனையில், அடிபட்டால் தீப்பொறி தரும் ‘கேப்’ என்ற சிறு மூடியைச் செருகிக் குதிரையை இழுத்து நிறுத்தினால் துப்பாக்கி தயார். குதிரையைப் பாதி இழுத்தால் ஒரு வெட்டில் மாட்டி நிற்கும். இருக்கும் ஒரே ‘லாக்’ அதுதான். அந்த வெட்டு அளவெடுத்து வார்த்ததல்ல, பட்டறையில் அரத்தால் ராவியது. நாலு மழைக்காலம் போனால் அதன் விளிம்பு மழுங்கிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கெட்டித்த மருந்தை எளிதாக வெளியே எடுக்க முடியாது, பெரும்பாலும் சுட்டுத்தான் காலி செய்வார்கள். பயிரைக் காக்கக் காத்திருந்து, காட்டுப்பன்றி வராத இரவுக்குப் பிறகு கெட்டித்த துப்பாக்கி அப்படியே வீடு திரும்புகிறது, கூரைச் செருகலிலோ மூலையிலோ குழந்தைகள் நடமாடும் இடத்தில் நிற்கிறது. கேப்பை எடுத்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும், முழுக்கப் போய்விடாது.

குண்டு போட்டு வைக்கக் கூடாது என்பதற்கு இரண்டு தரப்பிலிருந்தும் மறுப்பு வரும். ரிவால்வர்காரர் கேட்பார்: குண்டை எடுத்துவிட்டு, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தால், திருடன் வரும் நேரத்தில் அது எதற்கு உதவும்? நியாயமான கேள்விதான். ஆனால் திருடன் என்றோ ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். வீட்டுப் பிள்ளைகள் தினமும் இருக்கிறார்கள். உடனே திறக்கக்கூடிய பெட்டி, பக்கத்திலேயே தனியாகப் பூட்டிய குண்டுகள் என்று வைத்தால் இழப்பது சில விநாடிகள். தற்காப்பு உரிமையும் எல்லையற்றதல்ல. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத் தந்தாலும், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும் சொல்கின்றன. கை தவறி வெடித்த குண்டுக்குத் தற்காப்பு என்று வாதாடவே முடியாது. அலட்சியத்தால் ஆள் இறந்தால் அதே சட்டத்தின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினாலே, யாருக்கும் காயம் படாவிட்டாலும், ஆயுதச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். லாக் சரியில்லை என்று தெரிந்தும் குண்டு போட்டு வைத்திருந்தேன் என்பது வழக்கில் பதிலாகாது, ஒப்புதல் வாக்குமூலமாகவே படிக்கப்படும்.

மலை விவசாயியின் மறுப்பு இன்னும் கனமானது. மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனால் அந்த நஷ்டத்தை யார் தருவார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்பவரைக் குற்றவாளி என்று மட்டும் பார்ப்பது சோம்பேறித்தனம். சட்டமே இவரை நினைத்து ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையாகப் பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. 14-ஆம் பிரிவின் காரணங்களுக்காக மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். அந்த வாசலுக்குப் போகாமல் பட்டறைத் துப்பாக்கி வாங்கினால் 2 முதல் 5 ஆண்டு சிறை. உரிமம் கிடைத்தாலும் அது வேட்டைக்கு அனுமதி ஆகாது. காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றித் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் வேலை வனத்துறையினருக்கே ஒதுக்கப்பட்டது. காட்டை ஒட்டியே வயல் வைத்திருக்கும் மலைக்காரருக்கு இதனால் பெரிய பலன் இல்லை என்பது உண்மை. அவருக்கு மிஞ்சுவது பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்பதுதான். சேதத்தை அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனவரிடமும் காட்டி மனுவுக்கு ரசீது வாங்குவது நல்லது.

உரிமம் இல்லாத துப்பாக்கியைத் திருப்பித் தர நினைத்தும் பயத்தால் தராமல் இருப்பவர்கள் பலர் இருக்கக்கூடும். எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே பிடித்துவிடுவார்களோ என்ற பயம் பொய்யானதல்ல. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகாமல், முதலில் சட்ட உதவி கேளுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பழங்குடியினர் என்ற ஒன்றே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு இது நேராகப் பொருந்தும். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. தாத்தாவின் உரிமத் துப்பாக்கி அவர் காலமான பிறகும் வீட்டில் கிடந்தால் அதுவும் சட்ட விரோதம்தான். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, பிறகு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். புதிதாக வாங்கிய ரிவால்வரின் பூட்டு பழுதென்றால் பிரித்துப் பார்க்காதீர்கள், பிரித்தால் ஆதாரம் போய்விடும். பில்லோடு கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் பழுதான பொருளால் வந்த காயத்துக்குத் தயாரிப்பாளரிடமே இழப்பீடு கேட்க வழி உண்டு.

இதையெல்லாம் மீறி வெடித்துவிட்டால், வழக்குக்குப் பயந்து காயத்தை மறைப்பதுதான் உயிரைக் குடிக்கிறது. பால்ரஸ் குண்டு சிறிய துளையாகத்தான் தெரியும், உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். காயத்தை அழுத்திக் கட்டி, குண்டைத் தோண்டாமல், 108-ஐ அழையுங்கள். போலீஸ் வந்த பிறகுதான் சிகிச்சை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே அதைத் தெளிவாக்கிவிட்டது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உயிரைக் காப்பதே முதல் வேலை, தகவலும் விசாரணையும் அதற்குப் பிறகுதான்.