கொடை வேறு, கூட்டாண்மை வேறு

கீழ்புத்துப்பட்டு தொடங்கி மரக்காணம் உப்பளங்கள் வரை நீளும் கடலோரம், இருளர் பழங்குடியினர் வாழும் பகுதிகளுள் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது 1.1 விழுக்காடு. அவர்களுள் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம். மத்திய அரசு சிறப்புக் கவனத்துக்குரியவை என வகைப்படுத்தியுள்ள தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளுள் இருளரும் அடங்குவர்.

இவர்களுடைய இளைஞர்களுக்கு உதவ முன்வரும் தொண்டு நிறுவனங்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் குறைவில்லை. ஆயினும், உதவியின் காலக்கணக்கும் வாழ்க்கையின் காலக்கணக்கும் பொருந்துவதில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தொடர்திட்டம் ஒன்று தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் மட்டுமே நீளலாம். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் ஆகும். பாதி வழியில் திட்டம் முடிந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு எஞ்சுவது திறப்பு விழாப் புகைப்படம்தான்.

பருவமும் கவனத்துக்குரியது. வடகிழக்குப் பருவமழையில் உப்பளத் தொழில் நின்றுபோகும். மழை ஓய்ந்ததும் செங்கல் சூளைகள் வேலையைத் தொடங்கும். முன்பணம் பெற்ற குடும்பம் பிள்ளைகளோடு சூளைக்குப் பெயரும். அது பொதுத்தேர்வு நெருங்கும் காலம். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தாலும், முன்பணத்தின் பிடி முற்றிலும் தளரவில்லை. இந்நிலையில் மாலைநேர வகுப்பைவிட மழைக்காலத்துக்கான வட்டியில்லாச் சிறுகடனே பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தக்கூடும். இதை அறிய வேண்டுமானால் திட்டம் தீட்டுமுன் அக்குடும்பங்களைக் கேட்க வேண்டும்.

கேட்டால் முதலில் வரும் விடை பெரும்பாலும் சாதிச் சான்றிதழாகவே இருக்கும். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்ட அளவிலான வருவாய் அதிகாரியே வழங்க இயலும். மரக்காணம் மக்கள் அதற்குத் திண்டிவனம் செல்ல வேண்டும். சான்றிதழ் இன்றிக் கல்வி உதவித்தொகையும் இல்லை, ஒரு விழுக்காட்டு இடஒதுக்கீடும் இல்லை. கணினிகளை வழங்குவதைவிட, ஒரு மாணவருக்குத் துணையாக அந்த அலுவலகத்துக்கு நான்கு முறை சென்றுவருவது பயனுள்ள பணி.

அறிவுக்கு மதிப்பளித்த முன்னுதாரணமும் நம்மிடமே உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின், பாம்புத்தோல் வணிகத்தைச் சார்ந்திருந்த இருளரின் திறமை குற்றமாக மாறியது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே திறமையை மருத்துவத்துக்கு உரியதாக்கியது. வடநெம்மேலியில் சேகரிக்கப்படும் நஞ்சு முறிமருந்துத் தயாரிப்புக்குச் செல்கிறது. பாம்புகள் மீண்டும் இயற்கைச் சூழலில் விடப்படுகின்றன. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எனினும் எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதியே முடிவு செய்கிறது. அறிவு அவர்களுடையது, முடிவு வேறிடத்தில்.

2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தொல்குடியினர் உரிமைப் பிரகடனம், அவர்களைப் பாதிக்கும் முடிவுகளுக்கு அவர்களுடைய சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல் தேவை என்கிறது. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நடைமுறையில் அதன் பொருள் எளிது. திட்டக்குழுவில் இருளர் இளைஞர்களுக்கு வாக்குரிமையுடன் இடம் வேண்டும். அங்குச் செலவிடும் நாளுக்கு ஊதியமும் வேண்டும். வரவுசெலவுக் கணக்கைக் குடியிருப்பில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அனுமதியின்றி அவர்களுடைய படங்களை வெளியிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இத்திட்டம் எங்களுக்கு வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால், அடுத்த ஆண்டும் அதே நிறுவனம் அவர்களைத் தேடி வர வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் நடப்பது கொடை மட்டுமே.