பார்டர் வரைக்கும் வந்துட்டு விடலாமா?

எங்கள் மங்கலம் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஆசையாகத் துண்டுத் துணிப் போர்வை தைக்கும் தோழிகள் பலர், நடுப்பகுதியை முடித்துவிட்டு, 'பார்டரை அப்புறம் பாத்துக்கலாம்'னு பரணில் போட்டுவிடுகிறார்கள். ஓரம் அலை அலையாக நெளிவதுதான் காரணம்.

பனியன் துணி அகலவாக்கில் அதிகம் இழுபடும். அதனால் பார்டர் பட்டிகளை நீளவாக்கிலேயே வெட்டுங்கள். கைபடக் கைபடப் போர்வையின் ஓரம் இழுபட்டு நீண்டிருக்கும். எனவே ஓரத்தை அளக்காமல், நடுவில் அளந்து பட்டியை வெட்டுங்கள். முனைகளிலும் நடுவிலும் குண்டூசி குத்திக்கொண்டால், மிச்சத் துணியை மெல்லச் சுருக்கி அடக்கிவிடலாம். சாயம் போகும் துண்டுகளை முதலிலேயே அலசிவிடுங்கள்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள், பழந்துணியில் 'கவந்தி' என்ற போர்வையைக் கையாலேயே தைக்கிறார்கள். அவர்கள் தொடங்குவதே ஓரத்தில்தான். சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். மூலைகளில் மடித்த துண்டுகளைப் 'பூ'வாக வைத்தால்தான் போர்வை முழுமையாகுமாம். நாம் கடைசியில் சலித்துக்கொள்ளும் வேலையை அவர்கள் முதலிலேயே ஆசையாக முடித்துவிடுகிறார்கள்!

தினம் ஒரு சாண் தைத்தாலும் போதும். வருஷம் ஆனாலும் ஆகட்டும். பேரப்பிள்ளை போர்த்திக்கொள்ளத்தானே ஆரம்பித்தோம்? அவன் வளர்ந்துவிடுமுன் மூட்டையைப் பரணிலிருந்து இறக்குங்கள், தோழிகளே!

- ஒரு வாசகி, மங்கலம்.