செங்கோட்டை ஆவுடையக்காள்: வாழ்வும் பாட்டு நோட்டுகளும்

ஒரு கவிஞரின் வாழ்வை எழுதப் புகுவோர் முதலில் தேடுவன, அவர் கைப்பட எழுதிய ஏடு, கடிதம், குறிப்பு ஆகியவையே. செங்கோட்டை ஆவுடையக்காளைப் பொறுத்தவரை இத்தேடல் பயன் தருவதில்லை. நமக்குக் கிடைப்பவை, திருநெல்வேலிச் சீமைப் பிராமணக் குடும்பப் பெண்கள் பாடியும் தம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தும் காத்த வேதாந்தப் பாடல்களே. இந்நோட்டுகளையே அக்காளின் ஆவணத் தொகுதியாகக் கொள்ள வேண்டும் என்பதும், அவ்வாறு கொண்டால் அவற்றைப் படிக்கும் முறையும் மாற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வாழ்வு பற்றிய செய்திகள்

அக்காளின் வரலாறு செவிவழியாக வந்தது. சிறுமியாக மணமாகிப் பூப்பெய்தும் முன்பே கணவனை இழந்தார். திருவிசைநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாளிடம் உபதேசம் பெற்றார். ஊரார் அவரை விலக்கி வைத்தனர். ஆடி அமாவாசை நாளில் குற்றாலத்தில் நீராடி மலையேறியவர் பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை. மரபு கூறுவது இவ்வளவே. காலத்தைக் கணிக்கக் குருவின் பெயரே பிடி. தஞ்சை மராத்திய மன்னர் சாகஜி 1693இல் திருவிசைநல்லூரை அறிஞர்களுக்கு வழங்கினார். ஐயாவாள் அவ்வூரில் வாழ்ந்தவர். எனவே அக்காளை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ வைப்பர். குரு–மாணவி உறவே மரபுச் செய்தி என்பதால், இக்கணிப்பும் அதன் வலிமையளவே நிற்கும்.

மலையேறி மறைந்தார் என்னும் முடிவை வரலாற்றுச் செய்தியாக அப்படியே ஏற்பது கடினம். ஆண்டாள் அரங்கனோடு கலந்ததும், அக்கமகாதேவி ஸ்ரீசைலத்துக் கதலி வனத்தில் மறைந்ததும் இவ்வகையின. அடியவர் சரிதங்கள் பலவும் இறப்பைச் சொல்லாமல் மறைவைச் சொல்லும். ஆனால் இளமைக் கைம்மையும் ஊர்விலக்கும் அச்சரிதங்களின் பொது வாய்பாட்டுக்குள் எளிதில் அடங்குவன அல்ல. பாடல்களும் இவற்றுக்கு அரண் செய்கின்றன. மடி, தீட்டு, எச்சில் என்று நாள்தோறும் கைம்பெண்ணின் உடலைச் சுற்றி வேலி கட்டிய சொற்களை எடுத்து, பிரம்மம் ஒன்றே என்றால் தீட்டு எங்கே தங்கும் என்று கேட்கும் குரல் அவற்றில் உண்டு. அத்வைதக் கொள்கையைப் பிறர் வாதத்திற்குப் பயன்படுத்தினர். அக்காள் அதனை அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் கொண்டுவந்தார். அவரது தனித்தன்மை இதுவே எனக் கருதுகிறேன்.

பாடல் வடிவங்களும் இதற்கேற்றவை. வேதாந்த அம்மானை, வேதாந்தப் பள்ளு, சூடாலைக் கும்மி என்பன பெண்களும் பொதுமக்களும் ஆடிப் பாடிய வடிவங்கள். சூடாலை, யோகவாசிட்டத்தில் வரும் அரசி. காடு சென்ற கணவன் சிகித்துவசனுக்குக் கும்பன் என்னும் ஆண் வேடத்தில் வந்து ஞானம் உணர்த்துபவள். மனைவி குருவாகும் இக்கதையைக் கும்மிக்குத் தேர்ந்தது தற்செயல் ஆகாது.

நோட்டுகள் என்னும் ஆவணம்

கோமதி ராஜாங்கம் முதலியோர் தேடித் திரட்டிய பாடல்கள், ஞானானந்த தபோவனத்தின் முயற்சியால் 2002இல் நூலாக வெளிவந்தன. காஞ்சனா நடராஜனின் ஆங்கில ஆய்வு, தத்துவ நோக்கில் அக்காளைத் தமிழறியாதோர்க்கும் அறிமுகப்படுத்தியது. இவ்வுழைப்பு இல்லையேல் இன்று இக்கட்டுரைக்கே இடமில்லை. எனினும், மூலபாட ஆய்வு இனித்தான் நடைபெற வேண்டும்.

காகித நோட்டு இயல்பாகவே பிற்காலத்தது. அக்காளின் காலத்திற்கும் அதற்கும் இடையே பல தலைமுறைப் பெண்களின் நினைவு நிற்கிறது. தாயிடமோ அத்தையிடமோ கேட்டு எழுதும்போது வடமொழிக் கலைச்சொல் திரியும். மெட்டுக்காக அசை நீளும். தமக்குப் பிடித்த கண்ணி ஒன்று கூடும். கதை தழுவிய சூடாலைக் கும்மியில் நிகழ்ச்சி வரிசை பாடத்தை ஓரளவு கட்டிக் காக்கும். தனிக்கண்ணிகளுக்கு அக்காப்பு இல்லை. மேலும், ஔவையார், சித்தர் பெயர்களைப் போலவே ‘அக்காள்’ என்னும் பெயரும் பிறர் பாடல்களைத் தன்பால் ஈர்த்திருக்கக்கூடும். ஆகவே பாடவேறுபாட்டைப் பிழை என்று நீக்கிவிடுதல் பொருந்தாது. பாடிய பெண்கள் அக்காளை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கு அதுவே சான்று.

பாரதியார் அக்காளின் பாடல்களால் உந்தப்பெற்றார் என்னும் கூற்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கடையம் செங்கோட்டைக்கு அணித்தே உள்ளது என்பது உண்மை. ஆனால் கும்மியும் கண்ணியும் பொதுச்சொத்து. வடிவ ஒற்றுமை மட்டும் கடனை நிறுவாது. அக்காளின் மதிப்பை நிறுவப் பாரதியின் துணை தேவைப்படுவதாக நாம் எண்ணுவதே சற்று வருந்தத்தக்கது.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றே தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரைச் சார்ந்தது. ஆதலால் ஆவணத் தேடலைத் திருவனந்தபுரத்திற்கும் நீட்டிக்க வேண்டும். அதனினும் அவசரமானது வீடுகளில் உள்ள நோட்டுகளைப் பதிவு செய்தல். ஒவ்வொன்றையும் எழுதியவர் யார், எவரிடம் கேட்டார், எந்த ஊரில், எந்த மெட்டில், எச்சடங்கில் பாடினார் என்பவற்றை நோட்டுடன் சேர்த்தே குறிக்க வேண்டும். பாடலை மட்டும் பெயர்த்தெழுதினால் இவை போய்விடும். நூல் அச்சேறிவிட்டதே, பாட்டியின் பழைய நோட்டு இனி எதற்கு என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. அக்கேள்வி எழும் முன்னரே ஆய்வாளர் அவ்வீடுகளுக்குச் சென்றிருக்க வேண்டும்.