அப்பத்தாவும் ஆடக்கூடிய கிரிக்கெட்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பெரிய வீடுகள் பல, ஆண்டில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கின்றன. பிள்ளையார் நோன்பு, சாந்திக் கல்யாணம் என்று ஏதாவது வந்தால்தான் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குகிறார்கள். சிலர் பெட்டியில் பிளேஸ்டேஷனும் வருகிறது. வளவின் ஓரத்தில் டிவியை வைத்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பையன்கள் இருவர் கால் நீட்டி உட்கார்ந்து கிரிக்கெட் ஆடுவார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். அப்பத்தா கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தால், இரண்டு குச்சியையும் அத்தனை பொத்தானையும் பார்த்துவிட்டு, “நீயே ஆடு ராசா” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்பத்தாவையும் ஆட வைக்கக்கூடிய கிரிக்கெட் நம் நாட்டிலேயே ஒருமுறை உருவானது. மும்பையின் டிரைன் கேம்ஸ் நிறுவனம் 2012-இல் பிளேஸ்டேஷன் 3-க்குக் கொண்டுவந்த ‘மூவ் ஸ்ட்ரீட் கிரிக்கெட்’ அது. நுனியில் ஒளிரும் உருண்டை கொண்ட மூவ் கன்ட்ரோலர்தான் அதில் மட்டை. உருண்டையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வட்டமாகவே தெரியும் என்பதால், டிவி பக்கத்தில் வைத்த கேமரா அதன் அளவை வைத்தே கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடும். சாய்வையும் சுழற்சியையும் உள்ளே இருக்கும் உணரிகள் சொல்லும். எழுந்து நின்று வீசினால் போதும். எந்தப் பொத்தான் எதற்கு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

உடம்பை அசைத்தே ஆடலாம் என்ற இந்த எண்ணத்தை உலகமெங்கும் பரப்பியது நிண்டெண்டோவின் வீ. 2006-இல் வந்து, 10 கோடிக்கு மேல் விற்ற கருவி. வீடியோ கேமைத் தொட்டே பார்க்காத தாத்தா பாட்டிகள் டென்னிசும் பௌலிங்கும் ஆடினார்கள். ஆனால் முதலில் வந்த வீ ரிமோட், வீச்சில் கையின் முடுக்கத்தைத்தான் உணர்ந்தது. முழுக்கையையும் வீசி அடித்தாலும், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாலும் டென்னிசில் பந்து அந்தப் பக்கம் போய்விடும். பிள்ளைகள் இந்தச் சூட்சுமத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். சுழற்சியை உணரும் துணைக்கருவி 2009-இல்தான் வந்து சேர்ந்தது.

இரட்டைக் குச்சியின் கதை அதற்கும் முந்தியது. சோனி 1997-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு இரண்டு குச்சி வைத்த கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. கிரிக்கெட்டில் அதன் மதிப்பைக் காட்டியவை இரண்டு விளையாட்டுகள். இ.ஏ. நிறுவனத்தின் ‘கிரிக்கெட் 07’, வலது குச்சியால் ஷாட்டின் திசையைத் தீர்மானிக்க வைத்தது. கணினியில் கீபோர்டைத் தட்டியே அதை ஆடி வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2014-இல் வெளியான ‘டான் பிராட்மேன் கிரிக்கெட் 14’ இன்னும் ஒரு படி போனது. அதில் இடது குச்சி கால், வலது குச்சி மட்டை. முன்காலில் போவதா பின்காலில் நிற்பதா என்று இடது கட்டைவிரல் முடிவெடுக்கும்போதே, பந்தை எங்கே அனுப்புவது என்று வலது கட்டைவிரல் முடிவெடுக்க வேண்டும்.

பேட்டிங்கின் உயிர் காலாட்டத்தில் இருக்கிறது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். மூவ் கருவிக்குக் கையைத்தான் தெரியும், காலைத் தெரியாது. உடம்பை அசைத்து ஆடச் சொன்ன கருவி காலை விட்டுவிட்டது. உட்கார்ந்தபடி ஆடும் குச்சி அதைப் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டில் குச்சிக் கிரிக்கெட்தான் உண்மையான கிரிக்கெட்டுக்குக் கிட்டே நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நேரக் கணக்கும் குச்சிக்கே சாதகம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போட்ட பந்து மட்டைக்கு வந்துசேரச் சுமார் அரை வினாடி ஆகும். கையில் எதுவும் பிடிக்காமல் உடம்பையே கேமராவால் படிக்கும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வினாடிக்கு 30 படம்தான் எடுத்தது. படத்தை அலசும் நேரம், டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேர்ந்து ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போனாலே, ஆடுபவருக்குக் கிடைத்த அவகாசத்தில் ஐந்தில் ஒன்று பறிபோகிறது. குச்சியை நகர்த்தினால் இத்தனை தாமதம் இல்லை. 2010-இல் வந்த கினெக்டின் உற்பத்தியே 2017-இல் நின்றுபோனது.

இடம் இன்னொரு தடை. கினெக்ட் முன் ஒருவர் ஆடவே ஆறடி தள்ளி நிற்க வேண்டும். நகரத்து அடுக்ககத்தில் சோபாவையும் டீப்பாயையும் நகர்த்தாமல் அவ்வளவு இடம் ஏது? செட்டிநாட்டு வளவில் அந்தக் கவலை இல்லை. மரத்தூண்களுக்கு நடுவே நாலு பேர் ஒரே நேரத்தில் மட்டை வீசலாம். இவ்வளவு விரிந்த கூடங்கள் இருக்கிற ஊரில், அதற்கென்றே செய்ததுபோல் இருந்த விளையாட்டு வழக்கொழிந்து போனது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. குச்சி தன் துல்லியத்தால் வென்றது; அந்த வெற்றியில் வீட்டில் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிட்டார்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. நிண்டெண்டோவின் ‘ஸ்ப்ளட்டூன்’ 2015-லேயே வழி காட்டியது: குச்சியால் நடக்கலாம், கன்ட்ரோலரைச் சாய்த்துக் குறி வைக்கலாம். இன்றைய பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலருக்குள்ளும் அசைவுணரி இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் பேரன் இரண்டு குச்சியிலும், அப்பத்தா கன்ட்ரோலரை வீசியும் ஆட ஒரு முறை வைப்பது கிரிக்கெட் விளையாட்டு செய்கிறவர்களுக்கு எட்டாத காரியமல்ல. செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன்.

அதுவரை, பரணில் பழைய பிளேஸ்டேஷன் 3 வைத்திருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது மூவ் கன்ட்ரோலரையும் கேமராவையும் மறக்காமல் எடுத்துவையுங்கள். மூவின் லித்தியம் பேட்டரி நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் பழுதாகிவிடக்கூடும். முதல் நாளே சார்ஜ் போட்டுப் பாருங்கள். கேமராவுக்கு நேர் எதிரே முற்றத்து வெயில் விழாதபடி டிவியை வையுங்கள், வெளிச்சம் மிஞ்சினால் உருண்டை அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். கன்ட்ரோலரின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிய பிறகே முதல் பந்து.