டாக்ஸி இன்ஜினும் 402 மீட்டரும்

2000களில் மெல்போர்ன் தெருவில் டாக்ஸிக்குக் கை காட்டினால், வந்து நிற்பது அநேகமாக ஃபோர்டு ஃபால்கனாகத்தான் இருக்கும். உள்ளே எரிவாயுவில் ஓடும் நான்கு லிட்டர் இன்ஜின். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில். பகல் ஓட்டுநர் இறங்க, இரவு ஓட்டுநர் ஏற, இன்ஜினுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. அந்த இன்ஜினின் டர்போ வைத்த வகையைத்தான் இன்று ஆஸ்திரேலியாவின் டிராக் பந்தயப் பிரியர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். கடைக்குப் போய்வரும் காரையே, கால் மைல் தூரத்தைப் பத்துச் சொச்சம் விநாடியில் கடக்கும் காராக்குவது அவர்களுடைய பித்து.

இன்ஜினின் பெயர் பாரா. நம் கழிமுகங்களில் பிடிபடும் கொடுவா மீனை அங்கே பாராமுண்டி என்பார்கள். ஃபோர்டு அந்தத் திட்டத்துக்கு வைத்த செல்லப்பெயர் அதிலிருந்து வந்தது. 2002இல் பிஏ ஃபால்கனோடு அறிமுகமாகி, 2016 அக்டோபரில் ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பை நிறுத்தும்வரை ஜீலாங் நகரத் தொழிற்சாலையில் உருவானது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 24 வால்வுகள். ஃபால்கனின் டர்போ வைத்த வகையான எக்ஸ்ஆர்6 முதலில் 240 கிலோவாட் திறனோடு வந்தது. டர்போ ஊட்டிய அழுத்தம் வெறும் 6 பிஎஸ்ஐ. பெரிய டர்போவைச் சும்மா உட்கார வைத்ததுபோலத்தான். அப்படியிருந்தும் கார் கால் மைலைச் சுமார் 14 விநாடியில் ஓடியது.

கால் மைல் என்றால் 402 மீட்டர். இரண்டு கார்கள், நேரான தடம், நடுவில் விளக்குக் கம்பம். பச்சை விளக்கு எரிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில், தொடக்கக் கோட்டில் உள்ள ஒளிக்கதிரை விட்டு முன்சக்கரம் நகரும்போதுதான் காரின் ஓட்ட நேரம் தொடங்குகிறது. ஓட்டுநர் தாமதித்த நேரம் தனிக்கணக்கு. எதிராளியை வெல்ல இரண்டும் வேண்டும். காரின் தரத்தைச் சொல்வது ஓட்ட நேரம் மட்டுமே.

இங்கேதான் புதிதாக வருபவர்களை ஏமாற்றும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஓட்ட நேரம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டியே குறையும். திறனை இரு மடங்காக்கினால் நேரம் பாதியாகாது. ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 14 விநாடி கார் 11 விநாடிக்கு வரும். அதைப் பத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், காகிதக் கணக்கின்படி, முதலில் இருந்த திறனைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு தேவை. கடைசி ஒரு விநாடிக்குத்தான் பர்ஸ் காலியாகிறது.

வரிசை ஆறு சிலிண்டர் ஏன் இந்த வேலைக்குத் தோதானது? மூன்று பிஸ்டன்கள் முன்பாதியிலும் மூன்று பின்பாதியிலும் ஒன்றுக்கொன்று ஈடாக அசைவதால், அதிர்வு தானே அடங்கிவிடுகிறது. கிராங்க் ஷாஃப்டை ஏழு இடங்களில் பேரிங் தாங்குகிறது. ஆறு சிலிண்டர்களின் புகையும் ஒரே பக்கமாக வெளியேறுவதால் ஒரே பெரிய டர்போவை அங்கேயே பொருத்திவிடலாம். வி8 இன்ஜினில் இரண்டு பக்கப் புகையையும் குழாய் சுற்றிக் கொண்டுவர வேண்டும், அல்லது இரண்டு டர்போ வாங்க வேண்டும்.

ஆனால் அந்த நீளத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் நீண்ட கிராங்க் ஷாஃப்ட் ஈரத் துணிபோல் மயிரிழையளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. அதன் முன்நுனியில்தான் ஆயில் பம்பின் கியர்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாராவில் அவை உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தவை. டாக்ஸிக்குத் தாராளமாகப் போதும். பந்தயத்தில் டயர் பிடியை விட்டு விட்டுப் பிடிக்கும்போதும், இன்ஜின் வேக வரம்பில் மோதி அதிரும்போதும் அவை விரிசல் விடும். கியர் உடைந்தால் எண்ணெய் அழுத்தம் போய்விடும். பேரிங்கும் இன்ஜினும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால்தான் விவரமறிந்த மெக்கானிக் டர்போவைத் தொடும் முன்பே, எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த கியர்களைப் போட்டு, அதிர்வை அடக்கும் முன்புல்லியையும் மாற்றிவிடுகிறார். இதனால் ஒரு குதிரைத்திறன்கூட அதிகரிக்காது. நண்பர்களிடம் காட்டவும் முடியாது. என்னைக் கேட்டால், முழு வேலையிலும் புத்திசாலித்தனமான செலவு இதுதான்.

அடுத்தது வால்வு ஸ்பிரிங். டர்போ அழுத்தம் கூடும்போது உள்ளே வரும் காற்றே இன்டேக் வால்வின் முதுகைத் தள்ளுகிறது. ஆலையில் போட்ட மென்மையான ஸ்பிரிங் அதிக வேகத்தில் வால்வைச் சரியாக மூடாமல் தவறவிடும். கெட்டியான ஸ்பிரிங், பெரிய இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், பலமான பெட்ரோல் பம்ப், கணினிக்குப் புது அளவீடு: இவ்வளவிலேயே, பிஸ்டன்களைத் தொடாமல், 400 கிலோவாட்டைத் தாண்டிய கார்கள் உண்டு. அதற்கு மேலே போக விரும்பினால் கனெக்டிங் ராட், பிஸ்டன், ஹெட் போல்ட் என்று பட்டியல் நீளும்.

எரிபொருளும் கைகொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் சில பெட்ரோல் பங்குகளில் இ85 கிடைக்கும். அதில் பெரும்பகுதி எத்தனால். ஆவியாகும்போது பெட்ரோலைவிடப் பன்மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கும். அதனால் கலவை தானாக வெடித்து இன்ஜின் ‘தட்டுவது’ எளிதில் நேராது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கூடுதலாகக் குடிக்கும். இன்ஜெக்டரைப் பெரிதாக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் செய்த கார் கோட்டிலேயே நின்று சக்கரம் சுற்றிப் புகை கிளப்பினால் பயனில்லை. பந்தயக்காரர்கள் ஓட்டம் முடிந்து கிடைக்கும் நேரச் சீட்டில் முதலில் பார்ப்பது 60 அடி நேரத்தை, அதாவது முதல் 18 மீட்டரை. அங்கே கிடைக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியும் கோட்டின் முடிவில் ஒன்றரை மடங்காகவாவது வளர்ந்திருக்கும். அதனால் காற்று குறைத்த மென்மையான ரேடியல் டயர். ஓட்டத்துக்கு முன் தண்ணீரில் நனைத்துச் சுழற்றிச் சூடேற்றுவது அதற்காகத்தான். 2005க்குப் பிறகு வந்த கார்களில் இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் உண்டு. பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை அழுத்தி டர்போவை முன்கூட்டியே எழுப்பிவிட ஆட்டோமேட்டிக் தோதானது. பந்தயக் காரில் கிளட்ச்தான் வீரம் என்று நினைப்பவர்களுக்கு இது கசக்கும். செடானின் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு சொகுசுக்கு நல்லது. புறப்படும்போது துள்ளி அச்சை உடைக்கும். பின்னால் சரக்குத் தொட்டி வைத்த யூட் வண்டியில் பட்டை ஸ்பிரிங்கும் ஒற்றை அச்சும் இருப்பதால், பழங்காலத்து அமைப்பே இங்கே சாதகம்.

பத்து விநாடிக்கும் கீழே இறங்கினால் பந்தயத் தடத்தின் விதிகள் இறுகும்: உருக்குக் கூண்டு, ஐந்து பட்டை பெல்ட், இன்னும் பல. கூண்டு போட்ட காரில் குழந்தையைப் பின்னிருக்கையில் ஏற்ற முடியாது. தலைக்கவசமில்லாமல் தெருவில் ஓட்டும்போது எதிலாவது மோதினால் அந்தக் கம்பியே மண்டையைப் பிளக்கும். தெருக்காராகவே வைத்துக்கொள்ள விரும்புகிறவர் 10.5இல் நின்றுவிடுவது நல்லது.